ஞானப்பல்லும் ஒளிச் சிகிச்சையும்

ஊர்ப்பெயர்கள் சில தம்முள்ளே ஒரு வரலாற்றை ஒளித்து வைத்திருக்கின்றன. கினிகத்தேனை என்னும் பெயரைச் சிங்களச் சொற்பொருள் கொண்டு பிரித்தால் "தீப்பற்றிய சேனை" என்பது போதரும். காட்டை எரித்துப் பயிரிட்ட பழங்காலத்தின் நினைவு அது. அவ்வூருக்கு அண்மையிலே, லக்சபானவில், 1950ஆம் ஆண்டில் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபோது, மலையில் வீழ்ந்த நீரே ஒளியாய் மாறி நாட்டின் பல திக்குகளுக்கும் சென்றது. இவ்வாறு தீயாலும் மின்னாலும் மனிதன் பெற்ற ஒளி அவனுடைய இருளை நீக்கிற்று. அதே ஒளி அவனுடைய புண்ணையும் ஆற்றுமோ என்னும் வினா, கடந்த நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவ அறிஞரின் கருத்தைக் கவர்ந்து வந்திருக்கின்றது.

அவ்வினாவின் ஒரு சிறு கூறே இக்கட்டுரையின் பொருள். ஞானப்பல்லை அகற்றிய பின் தோன்றும் வலி, வீக்கம், வாய் திறக்க இயலாமை ஆகியவற்றை லேசர் முதலிய ஒளிக்கருவிகளாற் குறைக்கலாம் என்று இன்று பல நாட்டுப் பல்வைத்தியர் கூறுகின்றனர். இது மெய்யா? மெய்யாயின், எவ்வளவிற்கு மெய்? தோட்டத்து லயத்திலிருந்து பஸ் ஏறி நாவலப்பிட்டிக்கோ கண்டிக்கோ செல்லும் நோயாளி ஒருவர், இதன்பொருட்டுப் பணத்தையும் மேலும் ஒரு நாட் சம்பளத்தையும் இழத்தல் தகுமா? இவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

1. ஞானப்பல்லின் இயல்பு

வாயின் நான்கு மூலைகளிலும் இறுதியாக முளைக்கும் கடைவாய்ப்பல்லே ஞானப்பல் எனப்படுவது. பெரும்பாலும் 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையே, அறிவு முதிரும் பருவத்திலே தோன்றுவதால் இப்பெயர் பெற்றது. தாடையில் இடம் போதாதபோது அது நேரே மேலெழாது, சாய்ந்தோ படுத்தோ எலும்புக்குள்ளும் ஈறுக்குள்ளும் சிக்கிக்கொள்ளும். கீழ்த்தாடையில் இவ்வாறு நிகழ்தல் மிகுதி. அவ்விடத்தில் உணவுத்துணுக்குகள் தங்கி, ஈறு அழன்று, அயலிலுள்ள நற்பல்லும் சொத்தையாதல் உண்டு.

துன்பந் தராத ஞானப்பல்லை வருமுன் காத்தல் என்று கருதிப் பிடுங்குதல் வேண்டா என்பதை ஈண்டே குறிப்பிடுதல் நன்று. இங்கிலாந்தின் தேசிய மருத்துவ மதிப்பீட்டு நிறுவனமாகிய நைஸ் 2000ஆம் ஆண்டிலே இவ்வாறே அறிவுறுத்தியது. நோய் கண்ட பல்லையே அகற்றல் வேண்டும்.

சிக்கிய பல்லை அகற்றுவது சாதாரணமாகப் பல் பிடுங்குவது போன்றதன்று. ஈறைக் கீறி, எலும்பிற் சிறிது குடைந்து, வேண்டுமாயின் பல்லையே துண்டுகளாக்கி எடுத்து, ஈறைத் தைத்துவிடுவர். உடனே அக்குழியில் இரத்தம் உறைந்து கட்டியாகி நிற்கும். அக்கட்டியே இயற்கை இடும் மருந்துக்கட்டு. அதன் கீழேதான் புதிய இழையமும் பின்னர் எலும்பும் உருவாகும். காயத்தைச் சீர்படுத்த உடல் அனுப்பும் குருதியும் நீரும் கன்னத்தை வீங்கச் செய்யும். அவ்வீக்கம் முதல் நாளிலும் இரண்டாம் மூன்றாம் நாட்களிலேயே உச்சமடையும். பின்பு தானே தணியும். மெல்லும் தசைகள் இறுகுவதால் வாய் முழுதும் திறவாது. சோற்றுக் கவளம் உள்ளே செல்லாத அந்த மூன்று நாட்களே நோயாளி பெரிதும் வருந்துங் காலம்.

இரத்தக்கட்டி காலத்துக்கு முன் கரைந்தோ கழன்றோ போனால் எலும்பு வெறுமையாகி, காதுவரை பரவும் கொடிய வலி உண்டாகும். இதனை உலர்குழி என்பர். அகற்றிய இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரையில் இது தலைகாட்டும். ஏனைய பற்களிலும் பார்க்கக் கீழ் ஞானப்பல்லில் இது மிகுதி. புகைப்பவரிடத்து அதனினும் மிகுதி.

2. ஒளி மருந்தாகிய வரலாறு

ஒளியை மருந்தாக்கிய பெருமை நீல்ஸ் பின்சன் என்பவரைச் சாரும். அவர் 1860ஆம் ஆண்டிலே பரோத் தீவுகளிற் பிறந்தவர், நெடுங்கால நோயாளி. அவர் காபன் வில் விளக்கின் ஒளியைப் படிக வில்லைகளாற் குவித்து, முகத்தைத் தின்னும் தோற்காசத்தின் மீது பாய்ச்சினார். 1896இல் கோப்பன்கேகன் நகரிலே ஒளி மருத்துவ நிலையம் ஒன்றை நிறுவினார். 1903ஆம் ஆண்டு நோபற் பரிசு அவரை அடைந்தது. அடுத்த ஆண்டிலே, 43ஆம் வயதில், அவர் மறைந்தார்.

அடுத்த படி ஒரு தாதியின் கூர்ந்த பார்வையால் நேர்ந்தது. 1956ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் றொச்போட் வைத்தியசாலையில், குறைமாதக் குழந்தைகளின் விடுதிக்குப் பொறுப்பாயிருந்த ஜீன் வார்ட் என்பார், வெயில் பட்ட குழந்தையின் மேனியிலே மஞ்சள் நிறம் மங்கியிருப்பதையும், துணி மறைத்த இடத்தில் அது மாறாதிருப்பதையும் கண்டார். அதனை ஆராய்ந்த வைத்தியர் கிரீமரும் துணைவரும் 1958இல் அம்முடிவை வெளியிட்டனர். இன்று உலகெங்கும் மஞ்சள் கண்ட சிசுவை நீல விளக்கின் கீழ் வளர்த்துவதற்கு அதுவே வித்து.

1960ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் நாள் அமெரிக்கப் பௌதிகர் தியடோர் மைமான் முதல் லேசரை மாணிக்கக் கல்லிலிருந்து எழுப்பினார். ஒரே நிறமும் ஒரே போக்கும் உடைய அவ்வொளியைக் கொண்டு கட்டிகளை அழிக்கலாம் என்று பலர் முயன்றனர். புடாப்பெஸ்ற் நகரத்து வைத்தியர் எந்திரே மெஸ்ரரும் அவருள் ஒருவர். அவருடைய கருவியின் வலு மிகக் குறைவு. ஆதலால் எலிகளின் கட்டி அழியவில்லை. ஆயின் மயிர் மழித்த இடத்திலே, ஒளி பட்ட எலிகளுக்கு மயிர் விரைந்து வளர்ந்தது. 1967ஆம் ஆண்டை ஒட்டி அவர் கண்ட இச்செய்தியே, சுடாத லேசர் உயிர்க்கலங்களைத் தூண்டும் என்னும் கொள்கைக்கு அடிகோலியது. ஆறாப் புண்களிலும் அவர் அதனைப் பின்னர்ப் பயன்படுத்தினார்.

இம்மூன்று வகை ஒளியும் ஒன்றல்ல என்பதை மாணவர் நன்கு மனங்கொள்க. பின்சன் கையாண்ட ஒளியின் பணி தோற்காசத்தை ஒழித்தல்; சிசுவுக்குரிய நீல ஒளியின் பணி மஞ்சட் பொருளை உடல் கழிக்கத்தக்க வடிவுக்கு மாற்றுதல்; மெஸ்ரர் கண்ட சிவப்பொளியின் பணி கலத்தைத் தூண்டுதல். "ஒளி நல்லது" என்ற ஒரே சொல்லில் மூன்றையும் அடக்குதல், "இலை நல்லது" என்று கூறித் தேயிலையையும் கீரையையும் ஒன்றாக்குவது போலாகும்.

3. கலத்தினுள்ளே நிகழ்வது யாது?

நமது கண் காண்பது ஏறக்குறைய 400 முதல் 700 நனோமீற்றர் வரை அலைநீளமுள்ள ஒளியை. காயம் ஆற்றும் சிகிச்சைக்குப் பயன்படுவது 600 முதல் 1000 நனோமீற்றர் வரை உள்ள சிவப்பொளியும், கண்ணுக்குத் தெரியாத அண்மைச் செங்கீழ்க் கதிருமாம். குருதியின் செந்நிறப் பொருளும் நீரும் இவ்வெல்லைக்குள் ஒளியை அதிகம் உறிஞ்சாமையால், அது கன்னத்தின் தோலைக் கடந்து ஓரளவு ஆழஞ் செல்லும்.

ஒவ்வொரு கலத்திலும் இழைமணிகள் என்னும் நுண்ணுறுப்புக்கள் உள. உண்ட உணவை ஒட்சிசனோடு சேர்த்துக் கலத்துக்கு வேண்டிய சக்தியாக மாற்றும் ஆலைகள் இவை. இவற்றில் ஒட்சிசனைக் கையாளும் சைற்றோகுரோம் ஒட்சிடேசு என்னும் நொதியம் சிவப்பு, செங்கீழ்க் கதிர்களை உறிஞ்சவல்லது. காயமுற்ற கலத்தில் நைத்திரிக்கொட்சைட்டு இந்நொதியத்தைப் பற்றி அதன் தொழிலைத் தடுக்கும் என்றும், ஒளி அப்பற்றினை விடுவிக்கும் என்றும் அறிஞர் கருதுகின்றனர். தடை நீங்கவே சக்தி பெருகும், குருதிக் குழாய்கள் விரியும், அழற்சி தணியும், இழையம் விரைந்து வளரும். இக்கருத்து இன்று பெரிதும் ஏற்கப்படினும் இன்னும் முற்றமுடிந்த முடிபன்று.

அளவே இங்கு உயிர்நாடி. ஒளி மிகக் குறைந்தால் பயனில்லை. மிகுந்தால், தூண்டுவதற்கு மாறாகத் தடுத்துவிடும். தேயிலைத் தொழிற்சாலையைக் கண்டவர்க்கு இதனை விளக்கல் எளிது. கொழுந்தைப் பதத்துக்கு முன் எடுத்தால் சாயமும் மணமும் வாரா. பதங்கடந்தால் இரண்டுங் கெடும். பதத்தை மேற்பார்வையாளர் மூக்காலும் கையாலும் அறிவார். ஒளியின் பதத்தையோ அலைநீளம், வலு, நேரம், ஒளி படும் பரப்பு ஆகிய நான்கினாலும் கணித்தே அறிதல் வேண்டும். சதுர சென்றிமீற்றருக்கு இத்தனை யூல் என்று அதனை எழுதுவர்.

4. சிகிச்சை முறை

பல்வைத்தியர் பயன்படுத்துவது பெரும்பாலும் இருவாயி லேசர். ஈறை வெட்டும் லேசரின் வலு பல வாற்றுகள். இஃது அரை வாற்றுக்குக் குறைந்தது. ஆகவே சூடோ வலியோ தோன்றாது. பல்லை அகற்றித் தைத்தவுடன், கருவியின் முனையை வாய்க்குள்ளே குழியின் அருகிலும், வெளியே கன்னத்தில் மெல்லும் தசையின் மீதும் சில விநாடி முதல் சில நிமிடம் வரை வைப்பர். சிலர் அடுத்த நாட்களிலும் இதனை மீண்டுஞ் செய்வர். ஒளி கண்ணைத் தாக்காதிருக்க வைத்தியரும் நோயாளியும் காப்புக் கண்ணாடி அணிதல் கட்டாயம்.

இன்னொரு காவலும் நம் நாட்டிற்கு மிக இன்றியமையாதது. இலங்கை ஆண்களிடத்து மிகுதியாகக் காணும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே. தோட்டங்களில் ஆணும் பெண்ணும் வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லும் வழக்கம் நெடுநாள் வேரூன்றியது. கலத்தைத் தூண்டும் ஒளியைப் புற்று என ஐயுறும் இடத்தின் மீது பாய்ச்சலாகாது என்பது வைத்தியர் கைக்கொள்ளும் விதி. எனவே வெற்றிலை மெல்பவரின் வாயில் வெள்ளை, சிவப்புத் தழும்புகள் உளவா என்று முதலிற் பார்த்தல் வேண்டும். பாக்கினால் வாயின் உட்தோல் நாராகி இறுகி, வாய் சிறுகச் சிறுகத் திறவாது போகும் நோயும் ஒன்றுண்டு. அதனை ஞானப்பல்லின் இறுக்கமென்று மயங்கி ஒளி பாய்ச்சிக்கொண்டிருந்தால் பொன்னான காலம் வீணாகும்.

5. சான்று கூறுவது

ஒரு சிகிச்சை பயன் தருமா என்பதை ஒரு நோயாளியின் சொல்லால் அறிய முடியாது. மூன்றாம் நாளுக்குப் பின் வீக்கம் தானே வற்றுவதால், அன்று கட்டிய தாயத்துங்கூடப் புகழ் பெறும். ஆதலின் நோயாளரைத் திருவுளச் சீட்டுப் போன்ற முறையில் இரு கூறாக்கி, ஒரு கூற்றார்க்கு மெய்யொளியும், மற்றவர்க்குக் கருவியை வைத்து ஒளியை விடாத பொய்ச் சிகிச்சையும் அளிப்பர். யார்க்கு எது என்பதை நோயாளரும், அளப்பவரும் அறியார். வலியை ஒரு கோட்டின் மீது நோயாளியே குறிப்பார். வீக்கத்தை நாடாவால் முகத்தில் அளப்பர். வாய் திறப்பை மேல் கீழ் முன்பற்களின் இடைவெளியாக மில்லிமீற்றரிற் கூறுவர்.

இவ்வகை ஆய்வுகள் இந்தியா, துருக்கி, பிரேசில் முதலிய நாடுகளிற் பல நடந்துள. அவற்றைத் திரட்டி 2012ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, வலியிலும் வீக்கத்திலும் தெளிவான நன்மை இல்லையென்றும், வாய் திறப்பில் மட்டும் ஓரளவு நன்மை உண்டென்றும் முடிவு கூறிற்று. பின்வந்த தொகுப்புக்கள் சில இதனினும் சாதகமாக, வலியும் வீக்கமும் ஒருசிறிது குறையும் என்று கண்டன. முரண்பாட்டிற்குக் காரணம் வெளிப்படை. ஆய்வுக்கு ஆய்வு அலைநீளம் வேறு, அளவு வேறு, இடம் வேறு. நோயாளர் தொகையோ சிறிது. பத்துத் தோட்டத்துத் தேயிலையை ஒரே சாக்கிற் கொட்டியபின் சுவை சொல்லப் புகுந்தது போன்றது அது.

இதற்கு மாறாக, வாயின் வேறொரு நோயில் ஒளியின் பயன் வலுவாக நிறுவப்பட்டுள்ளது. தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை பெறுவோரின் வாய் முழுதும் புண்ணாகி, நீரும் விழுங்க முடியாது போவதுண்டு. தென்னிந்தியாவின் மணிப்பாலில் 221 நோயாளரைக் கொண்டு நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில், 632.8 நனோமீற்றர் ஈலியம்-நேயன் லேசர் கடும் வாய்ப்புண்ணையும் வலியையும் குறைத்தமை காணப்பட்டது. 2018இல் நைஸ் நிறுவனம் இச்சிகிச்சையைப் பற்றி வழிகாட்டியொன்றை வெளியிட்டது. புற்றுநோயாளர் ஆதரவுச் சிகிச்சைக்கான பன்னாட்டுச் சங்கமும் உரிய நோயாளர்க்கு இதனைப் பரிந்துரைத்துள்ளது. ஆகவே ஒளிச் சிகிச்சை வெறும் மாயம் என்று தள்ளுதலும் தவறு. ஒரு நோயில் நிறுவப்பட்டதனால் மற்றெல்லாவற்றிலும் நிறுவப்பட்டதாகக் கொள்ளுதலும் தவறு.

ஞானப்பல்லைப் பொறுத்தவரை நாம் கொள்ளத்தக்க முடிபு இது: உரிய கருவி வைத்தியரிடம் இருந்து, அவரும் பயின்றவராய், தனிச் செலவின்றி அளிப்பாராயின் பெற்றுக்கொள்ளலாம், தீங்கு அரிது, சிறு நன்மை கூடும். அதனைத் தேடி அலைதல் வேண்டா.

6. மலைநாட்டு நோயாளி செய்யத்தக்கன

சான்று வலுவாயும் செலவு குறைவாயும் உள்ள வழிகள் பல உள. துணிச்சுருளை வைத்தியர் கூறிய நேரம் வரை அழுத்திக் கடித்திருத்தல் முதலாவது. முதல் 24 மணி நேரத்துக்கு வாய் கொப்பளித்தல், காறித் துப்புதல், குழாய் வைத்து உறிஞ்சிக் குடித்தல் ஆகா; இரத்தக்கட்டி கழன்றுவிடும். கன்னத்தின் வெளியே துணி சுற்றிய பனிக்கட்டியை முதல் நாளில் விட்டு விட்டு வைக்கலாம். மறுநாள் முதல் இளஞ்சூடான உப்பு நீரால் உணவின் பின் மெல்லக் கொப்பளித்தல் நன்று. குளோரெக்சிடின் மருந்தைப் பல்லகற்றலை ஒட்டிப் பயன்படுத்துதல் உலர்குழியைக் குறைக்கும் என்பதற்குக் கொக்ரேன் தொகுப்பாய்வுகளிலே சான்றுண்டு. வைத்தியரைக் கேட்டு அதனைப் பெறுக.

வலிக்குரிய மருந்திலும் தெளிவான அறிவு உண்டு. 2013ஆம் ஆண்டின் கொக்ரேன் தொகுப்பாய்வின்படி, ஞானப்பல் வலிக்கு 400 மில்லிகிராம் ஐபுபுரோபென், 1000 மில்லிகிராம் பரசிற்றமோலினும் சிறந்தது. ஆயினும் குடற்புண், தொய்வு, சிறுநீரக நோய் உடையோரும் கருவுற்றோரும் ஐபுபுரோபெனை வைத்தியரைக் கேளாது உட்கொள்ளலாகாது. காய்ச்சலோடு டெங்கு என்ற ஐயம் இருப்பின் யாரும் அதனைத் தொடலாகாது, பரசிற்றமோலே தக்கது.

வெற்றிலையும் புகையும் காயம் ஆறும் வரையிலேனும் விலக்கத்தக்கன. என்றென்றும் விலக்கின் இன்னும் நன்று. குளிர்ந்த கஞ்சி, குழைந்த சோறு, பருப்பு ஆகியன முதல் நாட்களுக்கு உகந்த உணவு. கொழுந்துக்கூடை சுமந்து மலையேறும் கடும் உழைப்பை ஓரிரு நாள் தவிர்த்தல் குருதிப் பெருக்கைத் தடுக்கும்.

வீட்டிலுள்ள கைவிளக்கையோ, கடையில் வாங்கிய சிவப்பு மின்குமிழையோ கன்னத்தில் வைத்துப் பயனில்லை. அளவறியாத ஒளி மருந்தாகாது. வெயிலிற் கன்னத்தைக் காட்டுதலும் இதற்கு மருந்தன்று. நிற்காத குருதி, மூன்றாம் நாளுக்குப் பின்னும் ஏறும் வீக்கம், காய்ச்சல், விழுங்கவோ மூச்சுவிடவோ இயலாமை என்பவற்றுள் ஒன்று தோன்றினும் நாளை பார்ப்போம் என்று இராது வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும். இவை கழுத்தினுள்ளே சீழ் பரவுதலின் அறிகுறியாகலாம். மழையும் மண்சரிவும் வழியை மறிக்கும் மாதங்களிலே இரவைக் காத்திருத்தல் உயிருக்கே இடராய் முடியும்.

7. முடிவுரை

1943ஆம் ஆண்டிலே கொழும்பிற் கால்கொண்ட இலங்கைப் பல்வைத்தியக் கல்வி, பின்னர்ப் பேராதனையிலே நிலைபெற்றது. மலைநாட்டவர்க்கு அது தொலைவிலில்லை. அங்கு சென்று கற்கும் வாய்ப்பு நம் மாணவர் சிலருக்கேனும் வருதல் கூடும். அவர்கள் எந்தப் புதிய கருவியைக் கண்டாலும் மூன்று வினாக்களைக் கேட்பாராக: எந்த ஒளி? எவ்வளவு? எதனோடு ஒப்பிட்டு நன்மை கண்டனர்? இம்மூன்றுக்கும் விடை கூற இயலாத விளம்பரம் எத்துணை ஒளிர்ந்தாலும் அதிலே வெளிச்சமில்லை.

பழைய மாணவர்க்கும் ஒரு சொல். பிறந்த மண்ணுக்கு நன்றி செலுத்த விழைவோர், பளபளக்கும் ஒரு லேசர்க் கருவியை வாங்கி அனுப்ப எண்ணுதல் இயல்பே. அதற்கு முன், ஊரிலுள்ள வைத்தியசாலையின் பல்வைத்தியரிடம், "உமக்கு முதலில் வேண்டுவது யாது?" என்று கேட்பாராக. பல்லைக் காணும் கதிர்ப்படக் கருவியோ, கருவிகளைத் தூய்மை செய்யும் கலனோ, வெற்றிலை மெல்லும் தாயரின் வாயைத் தோட்டந்தோறும் சென்று பார்ப்பதற்கு ஒரு வாகனமோ அவர் விடையாயிருத்தல் கூடும். 1980களிலே நம் நாட்டின் மத்திய பகுதியில், அடிப்படைச் சுகாதாரப் பணியாளரைப் பயிற்றி, அவர்களைக் கொண்டே வாய்ப்புற்றின் தொடக்கக் குறிகளைக் கண்டறியலாம் என்பது ஆய்வால் நிறுவப்பட்டது. அதற்கு வேண்டியிருந்தவை பயின்ற கண்ணும் போதிய வெளிச்சமுமே. திறந்த வாயைப் பொறுமையோடு நோக்குவார்க்கு ஒரு சிறு விளக்கின் ஒளியும் பேருதவியாகும்.